கண்புரை சத்திரசிகிச்சைக்கு ஆயத்தமாவது எப்படி: திருகோணமலைக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

வயதானவர்கள் இருக்கும் எங்கள் ஊர் வீடுகளில், “கண்ணில் வெள்ளை விழுந்துவிட்டது, இன்னும் முற்றவில்லை, முற்றிய பிறகு வெட்டுவோம்” என்ற பேச்சு இன்றும் கேட்கிறது. இந்தப் பேச்சுக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. பெரிய வெட்டுப் போட்டு வில்லையை வெளியே எடுத்து, நோயாளியைப் பல நாட்கள் அசையாமல் படுக்க வைத்து, கடைசியில் தடித்த கண்ணாடி ஒன்றைக் கொடுத்து அனுப்பிய நாட்களில், பார்வை ஏறக்குறைய முழுவதும் மறைந்த பிறகே அத்தனை சிரமத்துக்கும் பயன் கிடைத்தது. இன்றைய சிகிச்சை முறைகளில் முற்றும்வரை காத்திருப்பதால் கண்ணுக்கு நன்மை எதுவும் இல்லை. சத்திரசிகிச்சையைச் செய்வது வைத்தியரின் பொறுப்பு. ஆனால் எப்போது செய்வது, வைத்தியரிடம் எவற்றைத் தவறாமல் சொல்வது, எந்தத் தூரப் பார்வைக்கு வில்லை வைப்பது, வீடு திரும்பிய பிறகு மருந்துத் துளியை யார் விடுவது என்பவற்றை நோயாளியும் குடும்பத்தாரும் முன்கூட்டியே யோசித்து முடிவு செய்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்த ஆயத்தத்தைப் பற்றியது.

கண்புரை எது, எது இல்லை

கண்ணின் கறுப்பு வட்டத்துக்குப் பின்னால், மெல்லிய உறை ஒன்றுக்குள், ஒளியை விழித்திரையில் குவிக்கும் தெளிவான வில்லை இருக்கிறது. வயது ஏற ஏற அதிலுள்ள புரதங்கள் மாற்றமடைந்து ஒன்றோடொன்று திரள, சூடுபட்ட முட்டையின் வெள்ளைக்கரு போல வில்லை மெல்ல மெல்லத் தெளிவை இழக்கிறது. இதுவே கண்புரை. முதுமையே முதற் காரணம் என்றாலும், நீரிழிவு, நீண்ட காலம் எடுத்த ஸ்டீராய்ட் மருந்துகள், புகைப்பழக்கம், கண்ணில் பட்ட அடி, வருடக்கணக்கில் நேரடி வெயில் ஆகியவை அதை விரைவுபடுத்தும். கடலிலும் வயலிலும் வாழ்நாளைக் கழித்தவர்கள் அதிகமாக உள்ள மாவட்டம் என்பதால், கடைசிக் காரணத்தை நாம் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது.

இதே வெயிலிலும் உப்புக் காற்றிலும் தூசியிலும் உழைப்பவர்களுக்கு மூக்குப் பக்கத்திலிருந்து கறுப்பு விழியை நோக்கிச் சதை வளர்வதும் உண்டு. அது கண்ணின் மேற்பரப்பில் வளர்வது. கண்புரை கண்ணுக்குள்ளே இருப்பது. பழைய காயத்தாலோ புண்ணாலோ விழியின் முன்புறத்தில் விழும் வெள்ளைத் தழும்பும் வேறொன்று. மூன்றையும் வீட்டில் “வெள்ளை” என்று ஒரே பெயரால் சொல்வதனால், பக்கத்து வீட்டு ஐயாவுக்குச் செய்த சிகிச்சையை நம் வீட்டு அம்மாவுக்கும் எதிர்பார்த்து ஏமாற்றமடைகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த வெள்ளை என்பதைக் கண் வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும்.

கண்புரை வலிக்காது, கண்ணைச் சிவக்க வைக்காது. பார்வை புகை மூட்டமாக இருத்தல், இரவில் எதிரே வரும் வாகன வெளிச்சம் சிதறிக் கூசுதல், நிறங்கள் மங்கி மஞ்சளடித்தல், கண்ணாடி இலக்கம் அடிக்கடி மாறுதல் ஆகியவை அதன் அடையாளங்கள். உட்துறைமுகக் கரையில் காலை வெயில் நீரில் பட்டுத் தெறிக்கும்போது எதிரே வருபவரின் முகம் தெரியவில்லை என்று ஒருவர் சொன்னால், அதையும் ஓர் அடையாளமாகக் கொள்ளலாம். சிலருக்குத் திடீரென்று கண்ணாடி இல்லாமலே பத்திரிகை வாசிக்க முடிகிறது. பார்வை திரும்பிவிட்டது என்று வீடே மகிழும். உண்மையில் வில்லையின் நடுப்பகுதி இறுகுவதனால் வரும் தற்காலிக மாற்றம் அது. மாறாக, கண் கடுமையாக வலித்து, சிவந்து, விளக்கைச் சுற்றி வளையங்கள் தெரிந்து, வாந்தியும் வந்தால் அது கண்ணுக்குள் அழுத்தம் உயர்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். குழந்தையின் கண்மணி வெள்ளையாகத் தெரிந்தாலும் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். பார்வை வளரும் வயதில் இழந்த காலத்தைப் பின்னர் ஈடுசெய்வது கடினம்.

கண்புரையைக் கரைக்கும் துளி மருந்தோ குளிசையோ இதுவரை இல்லை. தேன், தாய்ப்பால், நந்தியாவட்டைப் பூச்சாறு ஆகியவற்றைக் கண்ணில் விடும் பழக்கம் கிருமித் தொற்றைக் கொண்டுவரலாம். தொற்றுள்ள கண்ணில் சத்திரசிகிச்சை செய்யமாட்டார்கள் என்பதால், இவை சிகிச்சையைத் தள்ளியும் போடும்.

முதல் வருகை

கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆகிய இடங்களிலிருந்து வருபவர்கள் முதலில் தங்கள் பகுதி வைத்தியசாலையில் காட்டி, கடிதம் ஒன்றை வாங்கிக்கொண்டு திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் கண் கிளினிக்குக்கு வருவது நல்லது. கிளினிக் நடக்கும் நாளையும் இலக்கம் கொடுக்கும் நேரத்தையும் முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் கடையில் செய்யும் பார்வைச் சோதனை இதற்கு ஈடாகாது. விழித்திரையையும் கண் அழுத்தத்தையும் வைத்தியர் பார்த்தாக வேண்டும்.

அன்று கண்மணியை விரிக்கும் துளி விடுவார்கள். அதன்பின் சில மணி நேரம் கிட்டப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். ஆகவே மோட்டார் சைக்கிளையோ சைக்கிளையோ தாமே ஓட்டி வராமல், துணைக்கு ஒருவரை அழைத்து வர வேண்டும். தொப்பியோ குடையோ உதவும். பழைய கண்ணாடி, கிளினிக் கொப்பிகள், பாவிக்கும் எல்லா மருந்துகளின் உறைகள், தேசிய அடையாள அட்டை ஆகியவற்றை ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

எப்போது செய்வது

பார்வைப் பலகையில் எத்தனை வரி தெரிகிறது என்பது ஒரு கணக்கு. உங்கள் அன்றாட வாழ்க்கையில் எது தடைப்படுகிறது என்பது இன்னொரு கணக்கு. என் கருத்தில் இரண்டாவதுதான் முக்கியம். பேருந்தின் பெயர்ப் பலகை தெரியாமல், அரிசியில் கல் தெரியாமல், படி தெரியாமல் தடுமாறத் தொடங்கினால் காலம் வந்துவிட்டது என்று வைத்தியரிடம் சொல்லலாம். முழுவதும் வெள்ளையாக முற்றிய வில்லை கடினமாகி, சிகிச்சையைச் சிக்கலாக்கும். சிலவேளை வீங்கியோ கசிந்தோ கண் அழுத்தத்தை உயர்த்தி, பார்வை நரம்பையே நிரந்தரமாகப் பாதிக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு: வில்லை மறைத்துக்கொண்டிருந்தால் விழித்திரையில் நடக்கும் சேதத்தை வைத்தியரால் பார்க்க முடியாது.

திகதி தெரிவு செய்ய வாய்ப்புக் கிடைத்தால் வேலைக் காலத்தையும் எண்ணிப் பாருங்கள். சத்திரசிகிச்சைக்குப் பின் ஏறத்தாழ ஒரு மாதம் தூசியையும் தண்ணீரையும் விலக்கி இருக்க வேண்டியிருப்பதால், தம்பலகாமத்தில் வயல் வைத்திருப்பவர் அறுவடைக்கு முந்திய வாரத்தைத் தெரிவு செய்வது பொருத்தமில்லை. கச்சான் காற்று புழுதியை வாரிக்கொண்டு வீசும் மாதங்களில் செய்தால் கூடுதல் கவனம் தேவை. ஆனால் நல்ல காலம் பார்த்துப் பார்த்தே வருடங்களைக் கழித்துவிடக் கூடாது. வைத்தியசாலை கொடுத்த திகதியைக் கைவிட்டால் அடுத்த முறை மீண்டும் வரிசையில் நிற்க நேரலாம்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

நோயாளிகள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான். கண்ணுக்கும் சிறுநீர்க் குளிசைக்கும் என்ன தொடர்பு என்று எண்ணிச் சொல்லாமல் விடுகிறார்கள். புரொஸ்டேட் வீக்கத்துக்காக வயதான ஆண்கள் எடுக்கும் டாம்சுலோசின் போன்ற குளிசைகள் கண்மணியைச் சுற்றியுள்ள தசையைத் தளரச் செய்யும். சத்திரசிகிச்சையின்போது கண்மணி சுருங்கி, அந்தத் தசை அலைபாயும். குளிசையைச் சில நாட்கள் நிறுத்துவதனால் இது மாறிவிடாது, ஆனால் முன்னரே தெரிந்தால் வைத்தியர் அதற்கேற்ற முறையோடு ஆயத்தமாக வருவார். முன்பு எப்போதோ எடுத்து நிறுத்தியிருந்தாலும் சொல்லுங்கள்.

அஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு அது உயிராபத்தாக முடியலாம். நிறுத்துவதா தொடர்வதா என்பதை இதய வைத்தியரும் கண் வைத்தியரும் சொல்ல வேண்டும். ஒவ்வாமைகள், முன்பு கண்ணில் பட்ட அடி, சிறுவயதிலிருந்தே ஒரு கண் மங்கலாக இருந்தது ஆகியவற்றையும் சொல்லுங்கள். மல்லாந்து அரை மணி நேரம் அசையாமல் படுக்க முடியாத மூச்சுத் திணறல், அடங்காத இருமல், கூன், தலை நடுக்கம், காது கேளாமை இருந்தாலும் மறைக்க வேண்டாம். மறைத்தால் சத்திரசிகிச்சை மேசையில்தான் அது வெளிப்படும். அப்போது எல்லாருக்கும் சிரமம்.

எந்த வில்லை, எந்தத் தூரம்

கலங்கிய வில்லையை எடுத்துவிட்டு அதே உறைக்குள் செயற்கை வில்லையை வைக்கிறார்கள். 1949 இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி என்ற கண் வைத்தியர் முதன்முதலாக இதைச் செய்தார். போர் விமானிகளின் கண்களில் தெறித்துத் தங்கிய பிளாஸ்டிக் துண்டுகளைக் கண் எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதை அவர் கவனித்திருந்தார். அந்தக் கவனிப்பிலிருந்தே இந்தச் சிகிச்சை பிறந்தது. இன்று வைக்கப்படும் வில்லை வாழ்நாள் முழுவதும் இருக்கும். சில வருடங்களில் மாற்ற வேண்டும் என்பது வீண் பயம்.

சாதாரண ஒற்றைக் குவிய வில்லை ஒரு தூரத்தை மட்டுமே தெளிவாகக் காட்டும். பெரும்பாலானோருக்குத் தூரப் பார்வைக்கே வைப்பார்கள்; வாசிப்பதற்கும் ஊசியில் நூல் கோர்ப்பதற்கும் கண்ணாடி வேண்டியிருக்கும். கடலில் கரையடையாளம் பார்த்துப் படகு செலுத்துபவருக்கும் வாகனம் ஓட்டுபவருக்கும் இது பொருந்தும். ஆனால் வாழ்நாள் முழுவதும் கிட்டப் பார்வைக்காரராக இருந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத் தேவாரமோ குர்ஆனோ வாசித்துப் பழகிய ஒருவருக்குத் தூரத்துக்கு வில்லை வைத்தால், அவர் ஐம்பது வருடப் பழக்கத்தை ஒரே நாளில் இழப்பார். வீட்டிலிருந்து தையல் வேலை செய்யும் அம்மாவும் அப்படியே. உங்கள் நாள் எப்படிக் கழிகிறது, எதைக் கண்ணாடியின்றிப் பார்க்க விரும்புகிறீர்கள் என்பதை வைத்தியரிடம் நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். கூட்டம் மிகுந்த கிளினிக்கில் அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

பல தூரங்களுக்கான விலை கூடிய வில்லைகளும் உண்டு. அவை கண்ணாடியின் தேவையைக் குறைக்கும். கூடவே இரவில் வெளிச்சத்தைச் சுற்றி வளையங்களைக் காட்டலாம், விழித்திரை நோய் உள்ளவர்களுக்குப் பொதுவாகப் பொருந்தா. விலை கூடியது என்பதற்காகவே அது உங்கள் கண்ணுக்கு நல்லதாகிவிடாது. அவ்வாறே, மீயொலி அதிர்வினால் வில்லையை உடைத்து மூன்று மில்லிமீட்டருக்கும் குறைந்த வெட்டு வழியே உறிஞ்சி எடுக்கும் ஃபேகோ முறை ஒன்று, ஆறேழு மில்லிமீட்டர் வெட்டு வழியே வில்லையை வெளியே எடுக்கும் முறை ஒன்று என இரண்டு வழக்கில் உள்ளன. இரண்டிலும் பெரும்பாலும் தையல் தேவைப்படுவதில்லை. தேர்ந்த கைகளில் இரண்டுமே நல்ல பார்வையைத் தருகின்றன. கடினமாக முற்றிய புரைக்கு இரண்டாவது முறையை வைத்தியர் தெரிவு செய்தால் அதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை.

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். வில்லை அங்கேயே கிடைக்குமா, வெளியில் வாங்க வேண்டிய ஏதாவது உண்டா என்பதைத் திகதி எடுக்கும்போதே கேளுங்கள். தனியார் வைத்தியசாலை என்றால், சொல்லும் தொகைக்குள் வில்லை, மருந்துத் துளிகள், பின்னர் காட்டப் போகும் வருகைகள் எல்லாம் அடங்குமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சத்திரசிகிச்சைக்கு முந்திய வாரங்கள்

வில்லையின் வலுவைக் கணிப்பதற்குக் கண்ணின் நீளத்தையும் முன்புற வளைவையும் அளப்பார்கள். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அளவெடுப்பதற்கு எத்தனை நாள் முன்பு அதை நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இரத்தச் சீனி, இரத்த அழுத்தம், தேவைப்பட்டால் ஈசிஜி ஆகியவையும் பார்க்கப்படும். கண்ணில் ஓயாமல் நீர் வடிதல், பீளை, இமை ஓரத்தில் செதில், பல்லில் சீழ், தோலில் புண் என்று எது இருந்தாலும் முதலில் அதைக் குணப்படுத்துவார்கள். கிருமி கண்ணுக்குள் போவதே இந்தச் சிகிச்சையில் எல்லாரும் அஞ்சும் சிக்கல். அது அரிது, ஆனால் வந்தால் பார்வையைப் பறிக்கக் கூடியது.

சம்மதப் படிவத்தில் கையொப்பமிடுவதற்கு முன் எந்தக் கண், எந்த முறை, என்ன சிக்கல்கள் வரலாம் என்பதைக் கேட்டு விளங்கிக்கொள்ளுங்கள். படிவம் உங்களுக்குத் தெரியாத மொழியில் இருந்தால் தமிழில் விளக்கச் சொல்வது உங்கள் உரிமை. நீரிழிவினாலோ, பார்வை நரம்பைச் சேதப்படுத்தும் குளுக்கோமா நோயினாலோ ஏற்கெனவே சேதமடைந்த கண்ணில், புரையை எடுத்த பிறகும் பார்வை ஓர் அளவுக்குத்தான் திரும்பும். எந்த அளவு என்பதை முன்பே கேட்டறிந்தால் பிறகு மனம் உடையாது.

வீட்டிலும் ஒரு முன்னேற்பாடு தேவை. சத்திரசிகிச்சைக்கு மறுநாள் பொதுவாகக் காட்ட வரச் சொல்வார்கள். வெருகல், புல்மோட்டை போன்ற தூர இடங்களில் இருப்பவர்கள் அன்றிரவு நகரில் உறவினர் வீட்டில் தங்க ஒழுங்கு செய்தால், மறுநாள் காலைப் பயணம் மிச்சம். விறகடுப்பில் சமைக்கும் அம்மாவுக்குச் சிகிச்சை என்றால், முதல் சில வாரங்கள் சமையலை வேறொருவர் ஏற்க வேண்டும். துளி விடும் பொறுப்பையும் இப்போதே ஒருவரிடம் ஒப்படையுங்கள். எல்லாரும் பார்த்துக்கொள்வோம் என்ற வீட்டில் மத்தியானத் துளி தவறிப்போகும்.

அந்த நாள்

முந்திய நாளே தலை முழுகி, அன்று காலை முகத்தைச் சவர்க்காரமிட்டுக் கழுவி வாருங்கள். கண் மை, பவுடர், தலைக்கு எண்ணெய் வேண்டாம். விபூதியும் சந்தனமும் அன்று நெற்றியில் இருக்க வேண்டாம். துகள் கண்ணுக்குள் விழலாம். உண்பதா விடுவதா, காலைப் பிரஷர் குளிசையும் இன்சுலினும் எப்படி என்பதில் வைத்தியசாலை சொன்னதை அப்படியே பின்பற்றுங்கள். சாப்பிடாமல் இன்சுலின் போட்டுக்கொண்டு வந்தால் சீனி அபாயகரமாகக் குறைந்துவிடும். நகைகளை வீட்டில் விட்டு, முன்பக்கம் திறக்கும் சட்டை அணிந்து வந்தால் உடை மாற்றும்போது கண்ணில் உரசாது.

பெரும்பாலானோருக்கு முழு மயக்கம் கொடுப்பதில்லை. துளி மூலமோ கண்ணருகே போடும் ஊசி மூலமோ கண்ணை மரக்கச் செய்வார்கள். நுணுக்குக்காட்டியின் வெளிச்சமும் நீர் ஓடும் உணர்வும் இருக்கும். கூரிய வலி இருக்கக் கூடாது, இருந்தால் உடனே சொல்லுங்கள். இமைகளைக் கருவி பிடித்துக்கொள்வதனால் கண் சிமிட்டிவிடுவோமோ என்ற பயம் தேவையில்லை. இருமலோ தும்மலோ வந்தால் தலையை அசைக்காமல் முதலில் வாயால் சொல்லுங்கள். வைத்தியர் கருவியை எடுத்துக்கொள்வார். சிறுநீர் கழித்துவிட்டு உள்ளே போவது நல்லது. வழக்கமான சிகிச்சை பதினைந்து முதல் முப்பது நிமிடங்களில் முடிந்துவிடும். முடிந்ததும் வில்லையின் வலு எழுதப்பட்ட அட்டையையோ ஒட்டியையோ கேட்டு வாங்கிக் கிளினிக் கொப்பியில் ஒட்டி வையுங்கள்.

வீடு திரும்பிய பின்

முதல் நாட்களில் பார்வை மங்கலாகவும், கண்ணில் மணல் விழுந்தது போலவும் இருக்கலாம். நிறங்கள் நீலமாகவும் பளிச்சென்றும் தெரியலாம். கிருமியைத் தடுக்கும் துளியை வைத்தியர் சொல்லும் நாள்வரையும், வீக்கத்தைக் குறைக்கும் துளியைப் பொதுவாக நான்கு வாரங்களாவது, படிப்படியாகக் குறைத்தும் விட வேண்டியிருக்கும். கண் நன்றாகத் தெரிகிறது என்று பத்தாம் நாள் நிறுத்தக் கூடாது.

துளி விடும்போது கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, நோயாளியை மேலே பார்க்கச் சொல்லி, கீழிமையை மெதுவாகத் தாழ்த்தி, ஒரே ஒரு துளி. போத்தலின் முனை இமையிலோ விரலிலோ படக் கூடாது. பின் கண்ணை மூடி, மூக்கோரத்து மூலையை ஒரு நிமிடம் மெல்ல அழுத்தினால் மருந்து தொண்டைக்கு இறங்காது. விரலை இமைப் பக்கம் கொண்டுபோகாமல் மூக்கெலும்பின் மேலேயே வைத்து அழுத்துங்கள். அடுத்த மருந்துக்கு ஐந்து நிமிட இடைவெளி விடுங்கள். வாசிக்கத் தெரியாதவர் தானே துளி விடுகிறார் என்றால், ஒரு போத்தலில் சிவப்பு நூலும் மற்றதில் வெள்ளை நூலும் கட்டிக் கொடுங்கள்.

கண்ணைக் கசக்கக் கூடாது. தூக்கத்தில் கை போகாதிருக்க ஒரு வாரமாவது இரவில் பாதுகாப்பு மூடியை ஒட்டி, மறு பக்கம் சரிந்து படுக்க வேண்டும். வாளி, அரிசி மூட்டை தூக்குவதும், குனிந்து கூட்டுவதும் முதல் வாரங்களில் வேண்டாம். கழுத்துக்குக் கீழே குளிக்கலாம். தலை முழுகுவதை வைத்தியர் சொல்லும்வரை தள்ளிப்போடுங்கள். கடற்குளிப்பும் கன்னியா வெந்நீரூற்றில் தலையில் நீர் ஊற்றுவதும் ஒரு மாதத்துக்காவது கூடாது. தொழுகைக்கு முகம் கழுவுவதும் சுஜூதுக்குக் குனிவதும் பற்றி வைத்தியரிடம் காலக்கெடுவைக் கேளுங்கள். அதுவரை நாற்காலியில் அமர்ந்து தொழுவது, தண்ணீருக்குப் பதிலாக மண்ணால் தயம்மும் செய்வது குறித்து ஆலிமிடம் ஆலோசிக்கலாம். முச்சக்கர வண்டியிலும் பேருந்து யன்னலோரத்திலும் காற்றுப் படாமல் கறுப்புக் கண்ணாடி அணியுங்கள்.

நாளுக்கு நாள் கூடும் வலி, தெளிந்த பார்வை மீண்டும் மங்குதல், கூடும் சிவப்பு, பீளை, மின்னல் போன்ற ஒளிக்கீற்று, கறுப்புப் புள்ளிகளின் கூட்டம், ஓரத்தில் திரை விழுவது போன்ற மறைப்பு ஆகிய எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாளுக்காகக் காத்திருக்காமல், இரவானாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். கிருமித் தொற்றில் சில மணி நேரத் தாமதமும் பார்வையை இழக்கச் செய்யலாம். வாகனம் கிடைக்காவிட்டால் 1990 என்ற சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலக்கத்துக்கு அழைக்கலாம்.

புதிய கண்ணாடிக்கு அவசரப்பட வேண்டாம். கண்ணின் அளவு நிலைப்பதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்கு முன் செய்த கண்ணாடி பெரும்பாலும் வீண் செலவு. மற்றக் கண்ணிலும் புரை இருந்தால், இரண்டு கண்களின் இலக்கமும் பெரிதும் வேறுபட்டுத் தலைச்சுற்றல் வரக்கூடும் என்பதால், இரண்டாவது சிகிச்சையின் திகதியைப் பின்னர் காட்டப் போகும் வருகையிலேயே பேசிக்கொள்ளுங்கள். எடுத்த புரை திரும்ப வளராது. மாதங்களோ வருடங்களோ கழித்துப் பார்வை மீண்டும் மங்கினால், வில்லையைத் தாங்கும் உறையின் பின்பக்கம் கலங்கியிருக்கக்கூடும். யாக் லேசர் கொண்டு சில நிமிடங்களில் கிளினிக்கிலேயே அதைச் சரிசெய்வார்கள்.